சுகாதார ஆய்விலக்கியம்: தேடலும் மதிப்பீடும்

ஒரு பொருள் குறித்து முன்னரே வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வேடுகள், அறிக்கைகள் ஆகியவற்றின் தொகுதி ஆய்விலக்கியம் எனப்படும். செவிலியம், மருந்தியல், பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்கள் ஆய்வைத் தொடங்குமுன் இதனைத் தேடிப் படித்து, அதன் தரத்தையும் எடைபோட வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம் சார்ந்த இரு எடுத்துக்காட்டுகள் வழியாக இம்முறையைக் காண்போம்.

வினாவை வகுத்தல்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 'கள்ளச்சாராயத்தின் தீமைகள்' என்பது ஒரு தலைப்பு மட்டுமே. தேடுவதற்கு ஏற்ற வினா அன்று. யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, என்ன பயன் என்னும் நான்கும் வினாவில் இருக்க வேண்டும்.

மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது, உயிரையும் பறிக்கிறது. இம்மாற்றத்தைத் தடுக்க மருத்துவமனைக் கண்காணிப்பில் ஃபோமெபிசோல் அல்லது எத்தனால் தரப்படுகிறது. எனவே நம் வினா: 'மெத்தனால் நச்சேறியவர்களுக்கு, எத்தனாலைவிட ஃபோமெபிசோல் உயிரையும் பார்வையையும் கூடுதலாகக் காக்கிறதா?'

தேடுசொற்கள்

பெரும்பாலான கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலச் சொற்களையே உள்ளிட வேண்டும். ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' என்பதாலும், வெவ்வேறு கருத்துகளை 'அண்ட்' என்பதாலும் இணைக்க வேண்டும். முன்னது தேடலை விரிக்கும், பின்னது சுருக்கும்.

இடப்பெயரும் இனப்பெயரும் ஏமாற்றக்கூடும். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் உடல்நலம் பற்றித் தேடுவதாகக் கொள்வோம். 'மலையாளி' என்று மட்டும் இட்டால் கேரள மக்களைப் பற்றிய கட்டுரைகளே குவியும். மலையின் பெயர் 'கல்ராயன்' என்றும் எழுதப்படுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானது 2019-இல்தான். அதற்கு முந்தைய ஆய்வுகள் விழுப்புரம் மாவட்டத்தின் பெயரிலும், 1993-க்கு முன் தென்னாற்காடு மாவட்டத்தின் பெயரிலும் இருக்கும். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இவை அனைத்தையும் சேர்த்துத் தேடாமல், 'ஆய்வே இல்லை' என முடிவுகட்டலாகாது.

எங்கே தேடுவது?

மருத்துவக் கட்டுரைகளுக்குப் பப்மெட் முதன்மையானது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இதில் இலவசமாகத் தேடலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் கிடைக்கும். கூகுள் ஸ்காலர் பரந்தது; ஆனால் தரம் பிரித்துக் காட்டாது. கட்டண இதழ்களைப் படிக்க, 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு உதவும். கல்லூரி நூலகரிடம் கேட்டறியலாம்.

மதிப்பிடுதல்

சிகிச்சைகளை ஒப்பிடுவதில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யும் சோதனை வலுவான சான்றாகும். ஆனால் மெத்தனால் நச்சு திடீரெனப் பலரைத் தாக்குவது. அந்த நெருக்கடியில் இத்தகைய சோதனை நடத்துவது மிகக் கடினம். ஆகவே, நடந்த சிகிச்சைகளைப் பின்னர் தொகுத்து ஆராய்ந்த கட்டுரைகளே மிகுதி. 2012-இல் செக் குடியரசில் நிகழ்ந்த நச்சுச்சாராய நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு, இரு மருந்துகளின் பலனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை.

இங்கே மாணவர் நிதானிக்க வேண்டும். இரு குழுவினரும் ஒரே நேரத்தில் மருத்துவமனையை அடைந்தார்களா? சேர்க்கும்போது இரத்தத்தின் அமிலத்தன்மை ஒத்திருந்ததா? இரத்தச் சுத்திகரிப்பு இரு குழுவினருக்கும் கிடைத்ததா? தாமதமாக வந்தவர்கள் எந்த மருந்து கொடுத்தும் இறந்திருக்கலாம். மேலும், 'வேறுபாடு காணப்படவில்லை' என்பதும் 'வேறுபாடே இல்லை' என்பதும் ஒன்றல்ல. நோயாளிகள் சிலராக இருந்தால் உண்மையான வேறுபாடும் புலப்படாமல் போகும்.

இறுதியாக மூன்று பழக்கங்கள் தேவை. சுருக்கத்தோடு நில்லாமல் முழுக் கட்டுரையையும் படிக்க வேண்டும். அக்கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டதா எனப் பார்க்க வேண்டும். தேடிய நாள், தளம், சொற்கள், கிடைத்த எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். அக்குறிப்பைக் கொண்டு வேறொருவரும் அதே தேடலைச் செய்து சரிபார்க்க முடியும்.