வெள்ளம் வடிந்த பின் வீடு

வெள்ளம் ஊருக்குள் வரும்போது அதைப் பற்றிப் பேசாதார் இல்லை. அது வடிந்து போன பின்னர், வீட்டுச் சுவருக்குள்ளே தங்கிவிடும் நீரைப் பற்றிச் சிந்திப்போரோ மிகச் சிலர். வீட்டுக்காரரின் கைப்பொருளைக் கரைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது நீரேயாகும்.

சிவனொளிபாத மலைத்தொடரிலே பிறந்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் தூரம் ஓடி, கொழும்பு நகரின் வடபுறத்திலே கடலோடு கலப்பது களனி கங்கை. 2016 ஆம் ஆண்டு மே மாத நடுப்பகுதியிலே பெய்த பெருமழையினால் அது கரை புரண்டபோது, கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலை முதலான தாழ்ந்த பகுதிகளிலே வீடுகள் பல நாள்கள் நீருள் நின்றன. நீர் வடிந்ததும், சேற்றை அள்ளும் தொண்டர்கள் வந்தனர். அவர்களுக்குப் பின்னால், வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் கொந்தராத்துக்காரரும் வந்தனர்.

அவ்வாறான பகுதியொன்றிலே நிகழக்கூடிய ஒரு வீட்டின் கதையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது அங்குலச் செங்கற் சுவர்கள். நான்கு அடி உயரத்துக்கு நின்ற நீர். வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர். மகள் அவ்வாண்டு டிசெம்பரிலே சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். குடும்பமோ உறவினர் வீட்டின் ஒற்றை அறையிலே. எவ்வளவு விரைவாக வீடு திரும்பலாம் என்பதே அவர் மனத்திலிருந்த ஒரே கேள்வி. “மூன்று கிழமையிலே முடித்துத் தருகிறேன், ஐயா” என்ற கொந்தராத்துக்காரரின் வார்த்தை அவருக்குத் தேனாய் இனித்ததில் வியப்பில்லை. எழுத்திலே ஒன்றும் இல்லை. மொத்தத் தொகை வாயினாற் பேசப்பட்டது. பாதி முற்பணமாகக் கொடுக்கப்பட்டது. ஜூன் மாத முடிவிலே சுவர்கள் பளபளத்தன; மிகுதிப் பணமும் கைமாறியது.

செப்டெம்பரிலே, கூடத்துச் சுவரின் அடிப்பாகத்தில் பெயின்ற் கொப்புளித்தது. தொட்டால் வெண்ணிறத் தூள் உதிர்ந்தது. சுவரோடு ஒட்டி நின்ற அலுமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னாலே கரும் பூஞ்சணம் படர்ந்திருந்தது. சின்ன மகனுக்கு இரவிலே இழுப்பு ஏற்பட்டதன் காரணமும் ஒருவாறு புலனாயிற்று. தச்சர் சீவிப் பொருத்திய கதவுகளுக்கும் நிலைகளுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி.

நடந்தது யாது?

செங்கல் பார்வைக்குத் திண்மையானதே. உண்மையில் அது நுண்டுளைகள் நிறைந்த பொருள். சாதாரணச் செங்கல்லொன்று தன் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு வரையிலும் நீரை உறிஞ்சவல்லது. மேலும், விளக்குத் திரியிலே எண்ணெய் ஏறுவது போல, நீர் அந்நுண்டுளைகளின் வழியே மேலேயும் ஏறும். ஆதலால், வெள்ளம் நான்கு அடியிலே கோடு கிழித்திருந்தால், ஈரம் அதற்கு மேலும் சென்றிருக்கும். இந்நீர் வெளியேறுவதற்குரிய வழி ஒன்றே: சுவரின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிப் போதல். கொழும்பைப் போன்ற ஈரக்காற்று மிக்க இடத்திலே அது மெல்லவே நடக்கும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையறிந்தோர் கொள்ளும் பரும்படிக் கணக்கு. அக்கணக்கின்படி ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம் ஆகும். மூன்று கிழமை எங்கே, ஒன்பது மாதம் எங்கே!

உலராத அச்சுவரின் மேலே கொந்தராத்துக்காரர் சீமெந்துச் சாந்தைப் பூசி, அதன்மேல் நீர் புகாத பெயின்றையும் தீட்டிவிட்டார். நீரின் வழி அடைபட்டது. அடைபட்ட நீர் சும்மா இருப்பதில்லை. செங்கல்லிலும் சாந்திலும் வெள்ளச் சேற்றிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு அது வெளிப்புறம் நோக்கி நகர்கிறது. பெயின்றுக்குப் பின்னால் நீர் வற்ற, உப்பு பளிங்காகத் திரள்கிறது. சோடியம் சல்பேற்று போன்ற சில உப்புகள் பளிங்காகும்போது நீரையும் தம்முடன் சேர்த்துக்கொண்டு பருக்கும். அந்தச் சிறு பளிங்குகளின் நெருக்குதலே சாந்தைப் பெயர்க்கின்றது. கதவின் கதையும் அவ்வாறே. நனைந்த மரம் ஊதியிருந்தது. ஊதிய அளவுக்கு ஏற்பச் சீவினர். உலர்ந்ததும் அது தன் பழைய அளவுக்குச் சுருங்கிற்று. சீவியது மீண்டும் வராதல்லவா?

இவற்றுள் எதுவும் புதிதாகக் கண்டறியப்பட்ட இரகசியம் அன்று. பழைய மேசன்மார் நன்கு அறிந்ததே. சதுர அடியளவு பொலித்தீன் துண்டொன்றை நான்கு ஓரமும் காற்றுப் புகாதவாறு சுவரில் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டு, உட்புறத்திலே நீர் முத்துகள் அரும்பியுள்ளனவா என்று பார்த்தாலே போதும். அரும்பியிருந்தால் அச்சுவர் பூச்சுக்கு ஆயத்தமாகவில்லை. செலவில்லாத இச்சோதனையை அக்கொந்தராத்துக்காரர் செய்யவில்லை. வீட்டுக்காரரின் அவசரமும் இதற்கு ஓரளவு காரணந்தான். ஆயினும், தொழில் அறிந்தவர் என்று சொல்லிப் பணம் பெற்றவர், ‘இப்போது பூசலாகாது’ என்று சொல்லும் கடமையிலிருந்து அதனால் விடுபடுவதில்லை.

வீட்டுக்காரர் முறையிட்டபோது, “அது நிலத்தின் குற்றம், ஐயா, அடுத்த கிழமை ஆள் அனுப்புகிறேன்” என்பதே பதில். அடுத்த கிழமைகள் பல கழிந்தன. இங்கேதான் பலரும் அறியாத இடர் ஒன்று உள்ளது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதை வழங்க வேண்டும் என எதிர்பார்க்கின்றது. ஆனால், அதிகாரசபைக்குச் செய்யும் முறைப்பாடு எழுத்திலே, சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் செல்லவேண்டும். ஈரச் சுவரோ தன் குற்றத்தை வெளிக்காட்டவே அவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது! வாக்குறுதியை நம்பிக் காத்திருந்தவர் சென்றபோது நவம்பர் பிறந்துவிட்டது.

எஞ்சிய வழி, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபை. அங்கே தீர்ப்பு வழங்கப்படுவதில்லை. இரு தரப்பாரும் இணங்கினாலன்றி ஒன்றும் நடவாது. என்ன வேலை, என்ன பொருள், எப்போது என்று எழுதிய தாள் ஒன்று இருந்திருப்பின், வீட்டுக்காரரின் பேச்சுக்கு வலு இருந்திருக்கும். வேலை முடிந்த அளவுக்கே பகுதி பகுதியாகப் பணம் கொடுத்து, இறுதிப் பங்கைச் சில மாதம் நிறுத்தி வைத்திருப்பின், கொந்தராத்துக்காரரே அவரைத் தேடி வந்திருப்பார். இரண்டும் இல்லாமையால், பெயின்றுக்குச் செலவான பணத்தை மட்டும் திருப்பித் தருவதென இணக்கம் ஏற்பட்டது.

பிறகு செய்த வேலை எளியது. நீர் ஏறிய உயரத்துக்கு மேலும் ஓரடி வரை சாந்து கொத்தி அகற்றப்பட்டது. உப்பு பூத்த இடங்கள் உலர்ந்த தூரிகையாலே தட்டித் துடைக்கப்பட்டன. நீரூற்றிக் கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். அலுமாரி சுவரைவிட்டு அரையடி தள்ளி வைக்கப்பட்டது. யன்னல்கள் பகலெல்லாம் திறந்து கிடந்தன. மகள் அவ்வாண்டுப் பரீட்சைக்கு அந்தச் சிவந்த செங்கற் சுவரின் அருகிலே இருந்தே படித்தாள். சுண்ணாம்புப் பூச்சு அடுத்த ஆண்டு ஓகஸ்டிலேதான் ஏறியது.