மனத்தைத் தோண்டும் சோதனைகள்!

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஓர் ஊர். அந்த வட்டாரம் முழுவதும் இன்று தொழிற்சாலை மயம். 2022-ம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அந்த ஊரில் மண்ணைத் தோண்டினார்கள். ஆதி மனிதனின் கற்கருவிகள் கிடைத்தன. ரோமாபுரி ஜாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன!

தோண்டி எடுத்த கல்லை எப்படி வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். கல் கூச்சப்படாது. "என் ரகசியத்தை வெளியே சொல்லாதே" என்று கெஞ்சாது.

ஆனால், மனிதனுடைய மனத்தையே தோண்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்தான் மனோதத்துவ நிபுணர்கள். அவர்கள் தோண்டும் இடத்தில் உயிர் இருக்கிறது, மானம் இருக்கிறது. அவர்கள் எப்படி ஆராய்கிறார்கள்? எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்?

கரும்புக் காட்டில் ஒரு சோதனை

"ஏழைக்கு ஏது புத்தி?" என்று சிலர் ஏளனமாகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இது உண்மைதானா என்று நம் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள்.

விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்கள். 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்குப் பணம் வருவது ஆண்டுக்கு ஒரு முறை. வெட்டுக்கு முன் கை வறண்டிருக்கும். வெட்டுக்குப் பின் மடி நிறைந்திருக்கும். ஆகவே, ஒரே மனிதரை ஏழையாகவும் பார்க்கலாம், வசதியாகவும் பார்க்கலாம்! வெட்டுக்கு முன் அடகு வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 78 பேர். பின்னர் நூற்றுக்கு 4 பேர்தான்.

விடுபட்ட படத்தைக் கண்டுபிடிக்கும் புதிர்களை அவர்களிடம் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 புதிர்களுக்குச் சரியான விடை வந்தது. வெட்டுக்குப் பின் அது 5.45 ஆக உயர்ந்தது. அதே மனிதர், அதே மூளை! குறைந்தது புத்தி அல்ல. கவலை புத்தியின் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"இரண்டாம் தடவை பழக்கத்தால் நன்றாகச் செய்திருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். ஆராய்ச்சியாளர்களும் அதை யோசித்தார்கள். 100 விவசாயிகளை ஒதுக்கி வைத்து, வெட்டுக்குப் பிறகு மட்டும் சோதித்தார்கள். பருவத்தின் விளைவாக இருக்குமோ? ஆலையின் வெட்டு உத்தரவு எல்லோருக்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை. ஆகவே அந்தச் சந்தேகத்துக்கும் வழி இருந்தது.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் இதை 2013-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். வேறு அறிஞர்கள் இவர்களுடைய கணக்கைக் குறைகூறியதும் உண்டு. அப்படி உரைத்துப் பார்ப்பதுதான் விஞ்ஞானம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சோதனைக்காக யாரையும் ஏழையாக்கவில்லை. இயற்கையாக வரும் அறுவடைக்காகக் காத்திருந்தார்கள்.

அதிர்ச்சி தந்த அதிர்ச்சி

எல்லாச் சோதனைகளும் இப்படி இருந்ததில்லை. 1961-ல் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற நிபுணர் ஒரு சோதனை நடத்தினார். "ஞாபக சக்தி பற்றிய ஆராய்ச்சி" என்று சொல்லி ஆட்களை வரவழைத்தார். அடுத்த அறையில் இருப்பவர் தவறான விடை சொன்னால், விசையை அழுத்தி மின்சார அதிர்ச்சி தரவேண்டும். தவறுக்குத் தவறு அதிர்ச்சி கூடும். 450 வோல்ட் வரை!

உண்மையில் மின்சாரமே பாயவில்லை. அடுத்த அறையில் இருந்தவர் வெறுமனே நடித்தார். மேலதிகாரி கட்டளையிட்டால் மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதுதான் சோதனை. முதலில் வெளியிட்ட கணக்கில், 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போய்விட்டார்கள்!

பெரிய உண்மை வெளியாயிற்று. ஆனால் என்ன விலை? வந்தவர்கள் வியர்த்தார்கள்; நடுங்கினார்கள். "ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேனோ?" என்று தவிக்க வைப்பது நியாயமா என்று அறிஞர் உலகம் கேட்டது. சோதனைக்கு வருகிறவரைக் காக்கும் விதிகள் கடுமையானதற்கு இத்தகைய சோதனைகளும் ஒரு காரணம்.

தூக்கத்துக்கும் காவல்

சென்னையில் நடந்த இன்னொரு ஆராய்ச்சியைப் பாருங்கள். 2021-ல் வெளியானது. குறைந்த வருமானமுள்ள 452 பேரின் கையில் தூக்கத்தை அளக்கும் கருவியைக் கட்டினார்கள். படுக்கையில் சுமார் 8 மணி நேரம் கிடந்தும், அவர்கள் தூங்கியது 5½ மணி நேரம்தான்! இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டியும் வேலை பெருகவில்லை. வேலை இடத்தில் பகலில் அரை மணி நேரம் தூங்கவிட்டதும் வேலைத் திறன் உயர்ந்தது, மனமும் தெளிந்தது.

ஷிப்ட் மாறி மாறி வேலை செய்யும் தொழிலாளருக்கு இது நல்ல சேதிதான். ஆனால், யார் எப்போது தூங்கினார் என்ற கணக்கு மேலாளர் கைக்குப் போனால் என்ன ஆகும்? வேலைக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் பெயருக்குப் பதிலாக எண் போட்டு, விவரத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்கிறார்கள்.

"நீயும் கையெழுத்துப் போடும்மா!"

இப்போது ஒரகடத்துப் பக்கம் திரும்புவோம். இரவு ஷிப்ட் முடிந்து களைத்து வரும் ஓர் இளம் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்ற கவலை அவளுக்கு. சூப்பர்வைசர் ஒரு படிவத்தை நீட்டுகிறார்: "ஏதோ ஆராய்ச்சியாம். எல்லோரும் போட்டாச்சு. நீயும் கையெழுத்துப் போடும்மா!"

அவள் போடும் கையெழுத்து சம்மதமா, பயமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு விடை சொல்கின்றன. ஆராய்ச்சி தொடங்கும் முன் ஒரு நெறிமுறைக் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். குழுத் தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். குழுவில் சட்டம் தெரிந்தவர் இருப்பார். சாமானியர் ஒருவரும் இருப்பார். ஆராய்ச்சியை அவரவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பாரபட்சமற்ற ஒரு சாட்சி வேண்டும். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். அதற்காக எந்த நஷ்டமும் வரக்கூடாது.

ஆகவே, யாராவது ஆராய்ச்சி என்று வந்தால் தயங்காமல் கேளுங்கள்: இது எதற்காக? என் பெயர் வெளிவருமா? என் முதலாளிக்கு விவரம் போகுமா? மறுத்தால் என்ன ஆகும்? எந்தக் குழு அனுமதி தந்தது? நல்ல ஆராய்ச்சியாளர் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கோபிக்க மாட்டார், மகிழ்ச்சி அடைவார். பயந்து சொன்ன விடையை வைத்து அவர் எந்த உண்மையைக் கண்டுபிடிக்க முடியும்?

கரும்பு விவசாயிகள் நமக்கு ஒரு பாடம் சொல்லியிருக்கிறார்கள். கவலை வந்தவனுக்கு யோசிக்கும் சக்தி குறைகிறது. அந்த நேரத்தில் அவன் முன் படிவத்தை நீட்டி அவசரப்படுத்துவது தர்மம் அல்ல. "நாளை யோசித்துச் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டுப் போவதே தர்மம்.

வடக்குப்பட்டுக் கற்களுக்கு "முடியாது" என்று சொல்லத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். அந்தச் சொல்லை மதிக்கிறவனே மனத்தை ஆராயத் தகுந்தவன்!