தூறலில் செத்த பாசி

மண்ணின் மேல்தோல் – 9

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நான்கையும் ஒதுக்கி மகேந்திரவர்மன் செஞ்சிப் பக்கத்து மண்டகப்பட்டில் குடைந்த குடைவரை, திறந்த பாறையில் கறுப்புத் தாரையாக வழிந்து கிடக்கும் நீலப்பச்சைப் பாசி, அதே இனப் பாசிகள் குன்றடித் தரிசில் மண்ணோடு பின்னிப் பொருக்காகும் விதம் எல்லாம் முன் அத்தியாயங்களில் வந்தாயிற்று. திரும்பச் சொல்ல இடமில்லை. இந்த வாரம் பேச வேண்டியது பணம். பருவநிலை மாறிக்கொண்டிருக்கும்போது இந்தப் பொருக்கு என்ன ஆகிறது என்று பார்க்க யார் பணம் கொடுப்பது, எத்தனை காலத்துக்கு? என் கட்சி இதுதான்: தொகை கொஞ்சமாக இருந்தால் போதும், ஆனால் இருபது முப்பது ஆண்டுக்கு நிற்காமல் வர வேண்டும். மூன்றாண்டுத் திட்டங்களாக நறுக்கிக் கொடுக்கிற பணம் இந்த விஷயத்தில் ஏறக்குறைய வீண். இதை நிறுவ ஒரு தூறலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தூறல் அத்தியாயத்தில் பெரும்பங்கைத் தின்றால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊரை ஒட்டிய வறண்ட பீடபூமியில், 2005இல் ஒரு சோதனை தொடங்கியது. சின்னச் சின்னப் பாத்திகள். சிலவற்றின் மேல் அகச்சிவப்பு விளக்கைத் தொங்கவிட்டுத் தரையை இரண்டு டிகிரி, பிறகு நான்கு டிகிரி வரை சூடேற்றினார்கள். வேறு சில பாத்திகளுக்குச் சூடு கிடையாது. கோடையில் அடிக்கடி ஒரு சிறு தூறலை மட்டும் தெளித்தார்கள், தடவைக்கு 1.2 மில்லிமீட்டர். பாலை நிலத்துப் பாசிக்குக் கூடுதலாகத் தண்ணீர் காட்டினால் தழைக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். தண்ணீர் காட்டிய பாத்திகளில் அது செத்தது, அதுவும் ஒரே பருவத்தில். தரையில் கால்வாசியை மூடியிருந்த பாசி இரண்டு சதவீதத்துக்கும் கீழே போயிற்று. சாஷா ரீட், ஜெயின் பெல்னாப் உள்ளிட்ட குழு 2012இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் இதை வெளியிட்டது. செத்தது அங்கே பொருக்கோடு சேர்ந்து வளரும் மாஸ் வகை, மழைக்காலத்தில் நம் மதில்மேல் பச்சை வெல்வெட்டாகப் படர்கிறதே, அதன் பாலைவனத்து உறவு.

காரணம்தான் இதில் அழகு. இந்தப் பாசிக்கு நீர் உறிஞ்சும் வேர் கிடையாது. காய்ந்தால் இலை முறுக்கிக்கொண்டு கறுத்துவிடும், உயிர் இயக்கம் நின்றுபோகும். சொட்டுத் தண்ணீர் பட்டால் நிமிடக்கணக்கில் இலை விரிந்து பச்சையாகும். விழித்ததும் முதல் வேலை மூச்சு விடுவதும், காய்ந்தபோது பழுதான சவ்வுகளைச் செப்பனிடுவதும். இரண்டுக்கும் கையிருப்புச் சர்க்கரை கரையும். ஒளிச்சேர்க்கையின் வரவு அதற்குப் பிறகுதான். நல்ல மழையானால் ஈரம் மணிக்கணக்கில் நிற்கும், வரவு செலவை மிஞ்சும். கோடையில் விழும் ஒரு மில்லிமீட்டரோ வரவு தொடங்கும் முன்பே ஆவியாகிவிடும். ஆக, ஒவ்வொரு தூறலும் கடையைத் திறந்து, கூலி கொடுத்து, வியாபாரம் ஆகாமலே மூடுவதற்குச் சமம். பத்து முறை இப்படித் திறந்து மூடினால் முதலே போய்விடும். பஞ்சத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் உயிரை அடிக்கடி விழும் அற்பத் தூறல் பட்டினி போட்டுக் கொன்றது. பாசி போன பிறகு மண்ணில் தழைச்சத்து சுழலும் விதமும் மாறியதாக அதே ஆய்வு சொல்கிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். இந்திய வானிலை ஆய்வுத்துறையின் வரையறைப்படி, ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் அது மழை நாள். யூட்டாவில் பாசியைக் கொன்ற மழை, நம் கணக்கில் மழை நாளாகவே சேராது! துறையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மணிலாப் பயிருக்கு ஒரு மில்லிமீட்டர் மழை மழையே அல்ல. பயிருக்கும் ஏரிக்கும் உதவுகிற வரையறை அது. மழைமானியில் சேர்ந்த சிறு தூறலும் தினப் பதிவேட்டில் ஏறத்தான் செய்கிறது. ஆனால் மழை நாள்களைக் கூட்டிச் சொல்லும் அட்டவணையில் அது காணாமல் போகிறது. இன்னொரு முனையையும் பாருங்கள். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், செஞ்சிக்குக் கிழக்கே இருக்கும் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தின் ஆண்டு மழையே ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டித்தான். பாதி ஆண்டு ஒரே நாளில் தீர்ந்துபோனால், ஆண்டு சராசரி என்ற எண் பொருக்குக்கு எந்தச் சேதியும் சொல்லாது. மழை எத்தனை முறை வந்தது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஈரம் நின்றது, நடுவில் எத்தனை நாள் வெயில் என்பதுதான் அதன் ஆயுள் கணக்கு. அந்தக் கணக்கை எடுக்க வேண்டுமானால் மழைமானியையும் தரையையும் ஒரே இடத்தில், பல ஆண்டுகள், சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாசி ஒரு பருவத்தில் செத்தது என்றால் மூன்றாண்டுத் திட்டம் போதுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சாவு, கையால் தண்ணீர் தெளித்து வேண்டுமென்றே வரவழைத்தது. வெப்பம் மெல்ல ஏறும்போது எந்த இனம் முந்தி விழுகிறது, அந்த இடத்துக்கு எது வருகிறது என்பதைச் சொல்ல அதே நிலத்தில் பத்தாண்டுத் தரவு தேவைப்பட்டது. 2015இல் வெளியான அந்த முடிவு, நான்கு டிகிரிச் சூடும் காலால் மிதிப்பதும் பொருக்கை ஒரே திசையில் தள்ளுகின்றன என்றது: மாஸும் லைக்கனும் குறைந்து, இளம் நீலப்பச்சைப் பாசி மட்டும் மிஞ்சும். லைக்கன் யாரோ என்று மலைக்க வேண்டாம், செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி அந்தச் சாதிதான். மிதிப்பது என்றதும் செஞ்சிப் பக்கத்து ஆடுகள் நினைவுக்கு வரும். அவற்றை இந்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். இடம் போதவில்லை, அடுத்த வாரம்.

ஏழை நாட்டுக்கு இது கட்டுபடியாகுமா, சோற்றுக்கு வழி செய்கிற ஆராய்ச்சிக்கே பணம் போதவில்லையே என்பது பெரிய ஆட்சேபம். சீனா 1956இல் பணக்கார நாடாக இருக்கவில்லை. தெங்கர் பாலைவனத்தின் ஓரத்தில் ஷாபோதோவ் என்ற இடத்தில், பாவ்தவ்–லான்ஜோ ரயில் பாதையை மணல் மூடாமல் காக்க, வைக்கோலை மீட்டருக்கு மீட்டர் கட்டம் கட்டமாக மணலில் பதித்தார்கள். அடங்கிய மணலில் காலப்போக்கில் பொருக்கு தானாக வளர்ந்தது. எந்தக் கட்டம் எந்த ஆண்டில் போட்டது என்று குறித்து வைத்திருந்தபடியால், பொருக்குக்கு எத்தனை வயதில் என்ன வருகிறது என்று இன்று உலகுக்கே சொல்லும் நிலமாக அது ஆகிவிட்டது. அவ்வளவு தூரமும் போக வேண்டாம். கோவையில், இப்போது வேளாண் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கும் நிரந்தர எருச் சோதனை வயல் 1909இல் தொடங்கியது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறது. யானை வந்து மரத்தைச் சாய்த்தாலும் ஏட்டில் ஏறும். நூறாண்டு பொறுமைக்கு நம்மிடம் முன்மாதிரி உண்டு. மரத்துக்கும் எருவுக்கும் காட்டிய பொறுமையைத் தரைத்தோலுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அறிவு இல்லாமல் விட்டதா என்றால் அதுவும் இல்லை. நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி உலகம் முழுக்கப் புரட்டிய புத்தகங்களில் ஒன்று சென்னையில் எழுதப்பட்டது: சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி எழுதிய 'சயனோஃபைட்டா', 1959. அச்சிட்டது யார் தெரியுமா? இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். சுதந்திரம் வந்து பன்னிரண்டே ஆண்டில், உணவுப் பற்றாக்குறைக் காலத்தில், பாசிகளின் பெயரையும் வடிவத்தையும் விவரிக்கும் அறுநூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு ஒரு வேளாண் அமைப்பு பணம் போட்டிருக்கிறது. அவருடைய ஆசான் எம்.ஓ.பி. அய்யங்கார் அதற்கும் முன்பே சென்னையைப் பாசியியலின் தலைநகராக்கியவர். காசியில் ஆர்.என். சிங், உவர் நிலத்தை நீலப்பச்சைப் பாசியைக் கொண்டு திருத்தலாம் என்று 1950இல் நேச்சர் இதழில் எழுதினார். இவ்வளவு முதலை வைத்திருந்தும் வறண்ட நிலப் பொருக்கு ஆராய்ச்சியில் நாம் பின்தங்கியதற்கு, அந்தப் பொருக்கு எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல் போனதைக் காரணம் சொல்வேன். வேளாண்மையில், செம்மண் மழையடித்து இறுகி மணிலா முளையைத் தடுக்கும் இறுகல்தான் பாடம். அதை உடைக்கத் தொழு உரம், சுண்ணாம்பு, தென்னை நார்க்கழிவு என்று சிபாரிசு உண்டு. உயிரற்ற அந்த இறுகலும் உயிருள்ள பொருக்கும் ஒரே கணக்கில் எதிரியாகிவிட்டன. தொல்லியலில் பாசி என்றால் சின்னங்களின் மேல் படிந்த கறை. வேதிப்பொருள் போட்டுக் கழுவுவதே வழக்கம். ஆக, பாசியைக் கழுவ அரசுப் பணம் ஒழுங்காக வருகிறது, அறிந்துகொள்ளத்தான் வரவில்லை.

உழுது புரட்டிய நாட்டில் பொருக்கு எங்கே மிஞ்சியிருக்கிறது என்பது அடுத்த ஆட்சேபம். ஏர் போன வயலில் அது நிலைக்காது, சரி. குன்றடி, புறம்போக்கு, மேய்ச்சல், விட்ட நிலம் ஆகியவற்றில்தான் பார்க்க வேண்டும். அந்த நிலங்களின் மேல்தான் இப்போது அரசின் கண் இருக்கிறது. இஸ்ரோவின் 2021ஆம் ஆண்டு நிலப்பட ஏடு, 2018-19இல் நாட்டின் 9.785 கோடி ஹெக்டேர், அதாவது 29.77 சதவீதம், சீர்கெட்டுக் கிடந்ததாகச் சொல்கிறது. 2030க்குள் 2.6 கோடி ஹெக்டேரை மீட்பதாக 2019இல் உலகத்தின் முன் வாக்குக் கொடுத்திருக்கிறோம். மீட்பு என்றால் நம் வழக்கத்தில் குழி வெட்டி மரம் நடுவது. வெட்டும் இடத்தில் ஏற்கெனவே மண்ணைப் பிடித்துவைத்துத் தழைச்சத்தும் சேர்த்துக்கொண்டிருக்கும் ஒரு தோல் இருக்கிறதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. அந்தத் தோலின் பங்கு அற்பமானதும் அல்ல. மண், பாறை, மரப்பட்டை மேல் படரும் இத்தகைய உயிர்ப்படலங்கள் நிலத்தில் உயிர்வழி நிலைப்படும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைத் தருவதாக, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2012இல் மதிப்பிட்டார்கள். உலக நிலப்பரப்பில் 12 சதவீதத்தில் மண் பொருக்கு இருப்பதாகவும், 65 ஆண்டுகளுக்குள் அதில் 25 முதல் 40 சதவீதம் குறையக்கூடும் என்றும் 2018இல் வந்த கணிப்பு சொல்கிறது.

இந்தக் கணிப்புகளுக்கு அடிப்படையான களப்பணி பெரும்பாலும் அமெரிக்கா, ஸ்பெயின், இஸ்ரேல், ஆஸ்திரேலியா, சீனா ஆகிய நாடுகளில் நடந்தது. யூட்டா வேறு, செஞ்சி வேறு என்று எவரேனும் மடக்கினால் முழுக்க ஒப்புக்கொள்வேன். அங்கே குளிர்காலத்தில் பனி விழும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம், சித்திரையில் நெருப்பு. இங்கே கோடைத் தூறல் பாசியைக் கொல்கிறதா, வளர்க்கிறதா என்பதற்கு அங்கிருந்து விடை இரவல் வாங்க முடியாது. அந்த வேறுபாடே இங்கே ஒரு நிலம் வேண்டும் என்பதற்கு முதல் காரணம்.

பணம் எங்கே என்றால், காகிதத்தில் நிறையவே இருக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுக்கு ரூ.50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் 14,000 கோடிதான் அரசின் கையிலிருந்து, மிச்சம் தனியாரிடமிருந்து வர வேண்டும். பொருக்கில் எந்தத் தனியாருக்கும் லாபம் இல்லை. ஆகவே இது அரசுப் பங்கிலிருந்துதான் வந்தாக வேண்டும், வழக்கமான மூன்றாண்டுக் கெடு இல்லாமல். இடத்துக்கும் பஞ்சமில்லை. கோவில்பட்டியில் 1901 முதல் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கரிசலுக்கு அது போதும். செம்மண்ணுக்கு மண்டகப்பட்டு. குடைவரை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அதைச் சுற்றி நூறு மீட்டருக்குப் புதிய கட்டடம் எழுப்பச் சட்டம் விடாது. அந்த எல்லைக்குள் சில பாத்திகளை வேலியிட்டு, ஒரு மழைமானி நட்டு, தினமும் குறிக்க இரண்டு பேரை நிரந்தரச் சம்பளத்தில் வைக்க வேண்டும். 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த மழையையும் ஒவ்வொன்றாக எண்ணுவது அவர்களின் முதல் வேலை. தொல்லியல் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு மனு போட்டால் நடக்கிற காரியம் இது. முப்பதாண்டுக்குக் கேட்டுப் போட வேண்டும்.