28-28... மிச்சம் ஒரே ஒரு ரெய்டு! கடைசி நிமிடத்துக்கு யார் பயிற்சி கொடுப்பது?

2023 அக்டோபர் 7. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கபடி இறுதிப் போட்டி. இந்தியாவும் இரானும் மோதுகின்றன. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம்தான் இருக்கிறது. ஸ்கோர் 28-28. இந்திய கேப்டன் பவன் ஷெராவத் ரெய்டுக்குப் போகிறார். அது சாதாரண ரெய்டு இல்லை, 'டூ ஆர் டை' ரெய்டு. புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவர் அவுட்.

2013 நவம்பர் 30. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே அமெரிக்கன் ஃபுட்பால் போட்டி. ஆபர்ன் அணியும் அலபாமா அணியும் பரம வைரிகள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு விநாடி. அங்கேயும் ஸ்கோர் 28-28!

இந்த இரண்டு ஆட்டங்களுமே தினமும் மணிக்கணக்கில் பயிற்சி எடுக்கும் விஷயத்தால் முடிவாகவில்லை. எப்போதாவது வரும் ஒரு சூழல்தான் முடிவு செய்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஆரம்பித்து சிதம்பரம் வரைக்கும் கபடி ஆடும் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

மூன்றாவது படை

அமெரிக்கன் ஃபுட்பாலில் களத்தில் அணிக்கு 11 பேர். ஆனால் தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு ஒரு கூட்டம் என்று ஆட்கள் மாறி மாறி இறங்குவார்கள். இந்த இரண்டும் போக மூன்றாவதாக ஒரு படை உண்டு. பந்தை உதைக்கும் நேரம் வந்தால் மட்டும் அது களமிறங்கும். அதன் பெயர் 'ஸ்பெஷல் டீம்ஸ்'.

ஒரு அணி நான்கு முயற்சிக்குள் பந்தை 10 கஜம், அதாவது சுமார் 9 மீட்டர் முன்னே கொண்டுபோக வேண்டும். மூன்று முயற்சியிலும் முடியவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவார்கள். கபடியில் இரண்டு ரெய்டு தொடர்ந்து வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது ரெய்டு 'டூ ஆர் டை' ஆகிறதே, கிட்டத்தட்ட அதே நெருக்கடிதான் இதுவும்.

இந்த மூன்றாவது படையில் உதைக்கும் வீரரைத் தவிர மற்றவர்களில் பலர் மாற்று ஆட்டக்காரர்கள். ஒரு ஆட்டத்தில் சில விநாடிகள்தான் அவர்களுக்கு வேலை. அந்தச் சில விநாடிக்கு அவர்களைத் தயார்ப்படுத்துவது லேசான காரியம் இல்லை. 1969-லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி, டிக் வெர்மீல் என்பவரை இதற்கென்றே தனிப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. 1987 முதல் 2015 வரை வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஃபிராங்க் பீமர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஸ்பெஷல் டீம்ஸ் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். மாற்று வீரர்களோடு முன்னணி வீரர்களையும் அதில் இறக்கினார். அவருடைய ஆட்ட முறைக்கு 'பீமர்பால்' என்றே பெயர் வந்துவிட்டது.

கேட்டு வாங்கிய ஒரு விநாடி

ஆபர்ன் மைதானத்தில் உண்மையில் நேரம் முடிந்துவிட்டிருந்தது. அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன், ஒரு விநாடி மிச்சம் இருக்கிறது என்று வாதாடினார். நடுவர்கள் வீடியோவைப் பார்த்து அந்த ஒரு விநாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 57 கஜ தூரத்திலிருந்து பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்து வெற்றியைத் தட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு.

உதைத்த பந்து கம்பத்தை எட்டவில்லை. அப்படி எட்டாமல் விழும் பந்தை எதிரணி பிடித்துக்கொண்டு ஓடலாம் என்பது விதி. அபூர்வமாகத்தான் அதற்கு வேலை வரும். ஆபர்ன் அணி அதை எதிர்பார்த்து கிறிஸ் டேவிஸ் என்ற வீரரைக் கோட்டுக்குக் கடைசியில் நிறுத்தியிருந்தது. அவர் பந்தைப் பிடித்து, கிட்டத்தட்ட 100 மீட்டர் ஓடி எதிர்முனையைத் தொட்டார். உதைப்பவருக்குக் காவலாக நின்ற அலபாமா வீரர்களில் பெரும்பாலோர் கனத்த உடம்புக்காரர்கள். அவர்களால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. 34-28 என்று ஆபர்ன் ஜெயித்தது. தோற்றது யார் தெரியுமா? அப்போது தரவரிசையில் முதலிடத்தில் இருந்த நடப்புச் சாம்பியன்!

ஹாங்சோவில் என்ன நடந்தது?

பவன் ஷெராவத் யாரையும் தொடாமலே பக்கவாட்டில் இருக்கும் லாபிக்குள் போய்விட்டார். அப்படிப் போனால் ரெய்டர் அவுட். ஆனால் அவரைப் பிடிக்கும் வேகத்தில் இரான் தடுப்பாட்டக்காரர்களும் லாபிக்குள் வந்துவிட்டார்கள். அவர்களும் அவுட்டா, இல்லை ரெய்டர் மட்டுமா? பழைய விதிப்படி ஒரு பதில், புதிய விதிப்படி ஒரு பதில். நடுவர்களின் முடிவு மாறி மாறி வர, ஆட்டம் நீண்ட நேரம் நின்றுபோனது. கடைசியில் முடிவு இந்தியாவுக்குச் சாதகமாக வந்து, 33-29 என்ற கணக்கில் தங்கம் கிடைத்தது. 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியில் இரானிடம் இழந்த தங்கம் அது.

தோனி முட்டி போட்ட கதை

'அதெல்லாம் அதிர்ஷ்டம். அதற்கெல்லாம் பயிற்சி எடுக்க முடியுமா?' என்று கேட்பவர்கள் 2007 செப்டம்பர் 14-ஐ நினைத்துப் பார்க்கலாம். டி20 உலகக் கோப்பை, டர்பன் மைதானம். இந்தியாவும் பாகிஸ்தானும் தலா 141 ரன்களில் 'டை' ஆகி, ஆட்டம் 'பவுல்-அவுட்'டுக்குப் போனது. பேட்ஸ்மேன் இல்லாத ஸ்டம்பைக் குறிபார்த்துப் பந்து வீச வேண்டும், அவ்வளவுதான்.

இந்திய அணி பயிற்சியின்போதே இதை ஒத்திகை பார்த்திருந்தது. சேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூவரும் குறி தப்பாமல் அடித்தார்கள். ஸ்டம்புக்கு நேர் பின்னால் தோனி முட்டி போட்டு உட்கார்ந்து குறி காட்டினார். பாகிஸ்தானின் மூன்று வீச்சும் தவறின. அந்த வெற்றி ஒத்திகைக்குக் கிடைத்த கூலி.

ஒரு புள்ளி, ஒரு சான்றிதழ்

கல்லூரிக் கபடியில் இதற்கான விலை இன்னும் அதிகம். மண்டல அளவில் ஜெயித்தால்தான் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகலாம். அங்கே கிடைக்கும் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு உதவும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு டூ ஆர் டை ரெய்டில் போகும் புள்ளியோடு ஒரு குடும்பத்தின் எதிர்பார்ப்பும் போய்விடலாம்.

ஆனால் பல கல்லூரிகளில் ஒரே உடற்கல்வி இயக்குநர்தான் எல்லா விளையாட்டையும் பார்த்துக்கொள்கிறார். ஓட்டம், பிடி, ரெய்டு என்று பார்ப்பதற்குள் இருட்டிவிடும். புரோ கபடி அணிகளுக்கு வசதி உண்டு. 2024 சீசனில் தமிழ் தலைவாஸ் அணி உதயகுமாரைத் தலைமைப் பயிற்சியாளராக வைத்து, வியூகத்துக்கென்றே தனியாகத் தர்மராஜ் சேரலாதனை நியமித்தது. தஞ்சை மாவட்டம் திருக்காட்டுப்பள்ளிக்காரரான சேரலாதன், 2016 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடியவர்.

காசு வேண்டாம், 20 நிமிடம் போதும்

இன்னொரு பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத கல்லூரி அணியும் இவற்றைச் செய்யலாம்.

• ஸ்கோரை எழுதிவைத்து ஆடுங்கள்: 28-28, ஒரு நிமிடம், டூ ஆர் டை என்று பலகையில் எழுதிவிட்டு அங்கிருந்து ஆட்டத்தைத் தொடங்குங்கள். வழக்கமான ரெய்டர் அவுட்டாகி வெளியே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் போவது என்பது முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

• மூன்று பேராக நில்லுங்கள்: களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரெய்டரைப் பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', இரண்டு புள்ளி. ஆனால் ஏழு பேரோடு பிடித்துப் பழகியவர்களுக்கு, மூன்று பேராக நிற்கும்போது யார் கார்னர், யார் கவர் என்பதே குழப்பம். அதைத் தனியாகப் பழக வேண்டும்.

• மாற்று வீரருக்கு ஒரு வேலை கொடுங்கள்: 'உன்னை எப்போது இறக்குவோம், இறங்கினால் நீ என்ன செய்ய வேண்டும்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வெளியே உட்கார்ந்திருந்தாலும் அவர் மனசு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும்.

• விதிப் புத்தகத்தைப் படியுங்கள்: எந்தப் போட்டியில் எந்த விதி என்பதை ஆட்டத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லாபிக்குள் போகும் ரெய்டரைத் துரத்தலாமா, கூடாதா என்பது ஒரு தங்கப் பதக்கத்தின் கேள்வியாகவே ஆகியிருக்கிறது.

• ஒரு சீனியரிடம் பொறுப்பை விடுங்கள்: இந்த 20 நிமிடத்தை இறுதியாண்டு மாணவர் ஒருவரே நடத்தலாம். நாளைக்குப் பயிற்சியாளராக வர நினைப்பவருக்கு இது முதல் பாடமாகவும் இருக்கும்.

அடுத்த பல்கலைக்கழகப் போட்டிக்கு அணியைத் தேர்வு செய்யும்போது, ஏழு பெயரோடு பட்டியலை முடிக்காமல், டூ ஆர் டை ரெய்டுக்கு யார், மூன்று பேர் மிச்சமிருந்தால் யார் யார் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். ஒரு பேனாவும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் போதும்.