லைட் ஏன் கண்ணடிக்கிறது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' ஆரம்பித்த பிறகுதான் பக்கத்து வீட்டில் சட்னிக்கு மிக்ஸி போடுவார்கள். டி.வி. முழுக்கப் புள்ளிப் புள்ளியாக மழை! ஹீரோ, ஹீரோயின் யார் என்றே தெரியாது. மிக்ஸிக்குள் கார்பன் பிரஷ் உரசும்போது கிளம்பும் பொறிகள் செய்த வேலை அது. கேபிள் வந்தது, டிஷ் வந்தது, புள்ளி மழை போயே போச்சு. ஆனால் அதற்குக் காரணமான மின் இரைச்சல் எங்கேயும் போகவில்லை. காதுக்குக் கேட்காது, ஒயருக்கு நன்றாகவே கேட்கும். இப்போது அது ஹால் எல்.இ.டி. விளக்கில் குடியேறி நம்மைப் பார்த்துக் கண்ணடித்துக் கொண்டிருக்கிறது.

எங்கள் அபார்ட்மெண்ட் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம். அங்கே நீச்சல் குளம் இல்லாமல் ஃபிளாட் விற்கமுடியாது. எங்கள் குளத்தில் ரெகுலராக நீந்துவது வேப்பிலைகள் மட்டுமே. இருந்தாலும் தண்ணீர் பாசி பிடிக்காமலிருக்க, பம்ப் தினமும் மணிக்கணக்கில் ஓடி அதை மணல் ஃபில்டர் வழியாகச் சுற்றிவிட வேண்டும். கரண்ட் பில் வந்ததும் அசோசியேஷன் செயலாளருக்கு நெஞ்சை அடைத்தது. யாரோ சொல்லி, பம்பின் வேகத்தைக் குறைக்கிற வி.எஃப்.டி. என்ற பெட்டியை வாங்கி மாட்டினார்.

அவருடைய கணக்கு தப்பில்லை. பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் வருகிற தண்ணீரும் பாதியாகும். ஆனால் இழுக்கிற மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினால்கூட யூனிட் கால்வாசிதான். பி.காம். படித்த எனக்கே பிடித்துப்போன கணக்கு இது.

பெட்டி மாட்டிய மறுநாளே கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. பம்ப் ஓடுகிற நேரமெல்லாம் பாதி வீடுகளில் லைட் துடிக்கிறது. ஒருவர் "ஈ.பி. லைன் வீக் சார்" என்றார். இன்னொருவர், குளம் தென்மேற்கில் இருப்பதால் வாஸ்து கோளாறு என்றார். (பம்ப் நின்றால் வாஸ்துவும் சரியாகிவிடுவது எப்படி என்று கேட்டேன். முறைத்தார்.)

நடப்பது இதுதான். நம் வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. வி.எஃப்.டி. அதை முதலில் டி.சி. ஆக்கி, பிறகு விநாடிக்குப் பல ஆயிரம் தடவை கத்தரித்துக் கத்தரித்து மோட்டாருக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு கத்தரிப்பும் ஒரு சின்ன அதிர்ச்சி. பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகிற கேபிள் நீளமாக, கவசம் இல்லாமல் இருந்தால், அந்த அதிர்ச்சி எர்த்துக்குக் கசிந்து, சப்ளை லைனுக்கும் திரும்பி வந்து, வீடு வீடாக விசாரிக்கக் கிளம்பிவிடும்.

எல்.இ.டி. பல்பின் கழுத்துக்குள் 'டிரைவர்' என்று ஒரு சின்ன சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. நல்ல கம்பெனிக்காரன் இரைச்சலை வடிகட்ட அதில் ஒன்றிரண்டு பாகங்கள் போட்டிருப்பான். பிளாட்பாரத்து மலிவு பல்பில் முதலில் மிச்சம் பிடிப்பதே அங்கேதான். வடிகட்டி இல்லாத டிரைவர் தடுமாறும். விளக்கு துடிக்கும். விநாடிக்கு எட்டு ஒன்பது துடிப்பு என்றால்தான் மனிதக் கண்ணுக்கு உச்சக்கட்ட எரிச்சல். காலை பேப்பர் படித்துவிட்டு ஆபீஸ் போவதற்குள் தலைவலி.

கடைசியில் ஒரு எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தார். மீட்டர், கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. பையிலிருந்து ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பை எடுத்தார். எல்.இ.டி. துடிக்கிற ஹாலில், அதே லைனில் அதைப் போட்டார். குண்டு பல்பு அசையாமல் எரிந்தது!

"வோல்டேஜ் ஆடினா இதுவும் ஆடும் சார். இது ஆடலை. அப்ப சத்தம்தான்" என்றார்.

குண்டு பல்பின் இழை சூட்டில் எரிவது. பொடி இரைச்சலையெல்லாம் அது சட்டை செய்யாது. ஆனால் வோல்டேஜ் பத்து சதவிகிதம் இறங்கினால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவிகிதம் குறையும். பொய் சொல்லத் தெரியாத சாட்சி. வி.எஃப்.டி.க்கு முன்னால் ஒரு ஃபில்டர், மோட்டாருக்குக் கவசக் கேபிள், எர்த்தை முறுக்கி டைட் செய்தது - அவ்வளவுதான். துடிப்பு நின்றது. மலிவு பல்பு வாங்கிய இரண்டு வீடுகளைத் தவிர.

அப்புறம் மூன்றாவது மாடி மாமி. தனியாக இருக்கிறவர். பம்ப் ஓடாதபோதும் தன் வீட்டில் லைட் மினுக்குகிறது என்று அவர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாம் அந்த பம்ப்தான் மாமி, சரியாயிடும்" என்பதே அசோசியேஷனின் பதில். எல்லார் வீட்டிலும் சரியான பிறகும் மாமி விடவில்லை. "தம்பி, என் வீட்டுல கெய்சர் போட்டா ஹால் லைட் ஜாஸ்தியா எரியறதுப்பா!"

தம்பியின் முகம் மாறியது. குண்டு பல்போடு மாடிக்கு ஓடினார். கெய்சரைப் போட்டதும் பல்பு பளீரென்று வெளுத்தது. "மாமி, மெயினை ஆஃப் பண்ணிடறேன். இப்பவே!"

மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். விளக்கு ஒருதரம் மங்கி நிமிரும். அது சகஜம். ஆனால் ஒன்றைப் போட்டால் இன்னொன்று அதிகமாக எரிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், நியூட்ரலில் கோளாறு. மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் என்பது மூன்று பார்ட்னர்களுக்கும் பொதுவான கணக்கு மாதிரி. அதை மூடிவிட்டால் அதிகம் செலவழிக்கிறவனுக்கு வோல்டேஜ் குறையும். சும்மா இருக்கிறவன் தலையில் அது ஏறும். அறுந்தேவிட்டால் 230 வோல்ட் வரவேண்டிய டி.வி.க்கு 400-ஐ நெருங்கிக்கூட வரலாம். சாதாரண எம்.சி.பி. இதற்கெல்லாம் விழாது. எர்த் கசிவுக்கு விழுகிற டிரிப்பரும் இதைக் கண்டுகொள்ளாது. லூஸான இணைப்போ சூடாகிச் சூடாகி நெருப்பு வரைக்கும் போகும்.

மாமியின் மெயின் போர்டைத் திறந்தபோது நியூட்ரல் ஸ்க்ரூ லூஸாகி, ஒயர் இன்சுலேஷன் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. பக்கத்திலேயே மர அலமாரி. அதில் பழைய பத்திரிகைகள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று மங்க இன்னொன்று பிரகாசித்தால் ஸ்க்ரூ டிரைவரோடு நீங்களே போர்டைத் திறக்காதீர்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ள இணைப்பென்றால் மின்வாரிய ஆள்தான் தொடவேண்டும்.

மாமி வீட்டு ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் அதற்கு முன் இரண்டு தடவை எரிந்துபோயிருக்கிறது. இரண்டு தடவையும் ஒரு மெக்கானிக் வந்து, "பழசாயிடுச்சு மாமி" என்று புதுசு மாட்டிக் காசு வாங்கிப் போயிருக்கிறார். போர்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"பம்ப்புனு சொல்லிண்டே இருந்தேளே, அந்த ஸ்டெபிலைசர் காசை யார்கிட்ட கேக்கறது?" என்றார் மாமி, செயலாளரைப் பார்த்து. அவர் அதை அடுத்த மீட்டிங் அஜெண்டாவில் சேர்த்திருக்கிறார். ஏழாவது ஐட்டமாக. எங்கள் மீட்டிங் இதுவரை நான்காவது ஐட்டத்தைத் தாண்டியதில்லை.