எஞ்சிய நூலில் இதமான காலுறை



கடற்கரை ஊரொன்றில் பிறந்து வளர்ந்து, மணமாகி நீலகிரி மலைக்கு வந்து சேர்ந்தவள் நான். குளிர் என்பது மார்கழி விடியலில் போர்வையை இன்னும் சற்று இழுத்து மூடிக்கொள்வதோடு தீர்ந்துவிடும் என்றே எண்ணியிருந்தேன். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியெங்கும் உறைபனி படிந்து, உப்பளம் போல் வெளுத்துக் கிடக்கும். தாழ்வான பகுதிகளில் வெப்பநிலை பூஜ்ஜியம் வரை இறங்குவதுண்டு. அத்தகைய விடியலில் ஸுபுஹுத் தொழுகைக்காக ஒளுச் செய்துவிட்டு, ஈரக் காலுடன் சிமெண்டுத் தரையில் நான்கடி நடந்து பாருங்கள். காலுறையின் அருமை அப்போது விளங்கும்.

எனக்கு அது விளங்கியது வேறொரு விதத்தில். என் மாமியாருக்கு அப்போது எழுபது வயதைக் கடந்திருந்தது, நெடுநாளைய நீரிழிவு. ஒரு ஜனவரி இரவு, இஷாவுக்குப் பின், கணப்புச் சட்டியின் அருகே கால்களை நீட்டியவாறு அமர்ந்து எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். "பெத்தம்மா, உங்க கால் ஏன் இப்படிச் செவந்திருக்கு?" என்று என் இளைய மகன் கேட்ட பிறகுதான் எல்லோரும் குனிந்து பார்த்தோம். வலது பாதத்தின் ஓரம் வெந்து கொப்புளம் எழும்பியிருந்தது. அவருக்கோ சிறிதும் வலிக்கவில்லை! அந்தப் புண் ஆற இரண்டரை மாதங்கள் ஆயின.

நீரிழிவு முற்றியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடுவதால் சூடு தெரியாது என்றும், நெருப்பருகிலோ வெந்நீர்ப் பையின் மீதோ கால் வைக்கலாகாது என்றும் மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். கால் சில்லென்றிருந்தால் இறுக்கமில்லாத, உள்ளே தையல் உறுத்தாத காலுறையை அணிவிக்கச் சொன்னார். (கணப்புச் சட்டியைக் கதவடைத்த அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கி, அதன் நச்சுப் புகையால் உயிரிழந்தோர் செய்தி இம்மலையில் குளிர்காலத்தில் கேள்விப்படாததன்று. அதை நாங்கள் அன்றோடு அறையைவிட்டு அகற்றிவிட்டோம்.)

கடையில் வாங்கிய காலுறையில் இரண்டு குறைகள் இருந்தன. மேல் விளிம்பிலிருந்த இலாஸ்டிக் கெண்டைக்காலில் பள்ளம் பதியும்படி இறுக்கியது. விரல்முனைத் தையலோ கயிறு போல் தடித்திருந்தது. அப்போதுதான் அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய பிஸ்கட் டின் நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஸ்வெட்டர் பின்னியதில் மிஞ்சிய நூலுருண்டைகள் அதில் நிறைந்திருந்தன. எறியவும் மனம் வராது, எடுத்தாளவும் வழி தோன்றாது; பின்னத் தெரிந்தவர்கள் வீட்டில் இப்படியொரு டின் இல்லாமலிராது. பெரியவர்களுக்கு ஒரு ஜோடிக் காலுறை பின்ன 80 முதல் 100 கிராம் நூலே போதும்.

போதும்தான், ஆனால் எந்த நூலோடு எந்த நூலைச் சேர்ப்பது என்பதில் நான் முதலில் தவறினேன். குதிகால் பகுதிக்கு அசல் கம்பளியையும், மேற்பகுதிக்கு அக்ரிலிக் நூலையும் வைத்துப் பின்னினேன். அணிந்தபோது அழகாகவே இருந்தது. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துத் துவைத்தேன், பாருங்கள்! கம்பளிப் பகுதி சுருங்கி அட்டை போல் கெட்டிப்பட்டுவிட்டது. அக்ரிலிக் பகுதியோ தொளதொளவென்று அப்படியே நின்றது. பொம்மைக்குக்கூட உதவாத காலுறை!

கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் கொடுக்கப்படுவதில் பல அக்ரிலிக் நூல்களே. சுற்றியிருந்த காகிதம் தொலைந்துபோன உருண்டையை இனம் காண ஒரு வழி உண்டு. விரல் நீள இழையைத் துண்டித்து, இடுக்கியால் பிடித்து, நீர்த் தொட்டிக்கு அருகில் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளியானால் மெல்லக் கருகி, தலைமயிர் தீய்ந்த வாடை வீசும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி ஒழுகி, கறுத்த கெட்டி மணியாக உறையும். இரண்டு வகையையும் தனித்தனியே பிரித்து வையுங்கள். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பின்னும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. குளிர்ப் பிரதேசத்தில் காலுக்கு அதை விரும்புவதன் காரணம் இதுவே. அக்ரிலிக்கிற்கு அந்தக் குணம் மிகக் குறைவு. ஆனால் மலிவு, துவைப்பது எளிது.

அடுத்தது பருமன். ஓர் அடிக்கோலின் மீது நூலை நெருக்கமாகச் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று அடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே எண்ணிக்கை வரும் உருண்டைகள் ஒன்றோடொன்று சேரும். மெல்லிய நூல்களாயின் இரண்டை இணைத்து ஒரே இழையாகப் பின்னலாம். பின்னத் தொடங்குமுன் ஒவ்வொரு நிறத்தையும் நிறுத்து இரு சம உருண்டைகளாகச் சுற்றிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல், ஒரு காலுக்குச் சிவப்புக் கோடும் மறுகாலுக்குக் கோடே இல்லாமலும் முடித்தவள் எழுதுகிறேன்.

நிறத்தைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி. நீரிழிவுள்ளவர்களுக்குப் பாதப் பகுதியை வெள்ளை அல்லது வெளிர் நிற நூலிலேயே பின்னுங்கள். உணர்ச்சியற்ற காலில் கீறல் ஏற்பட்டு இரத்தமோ நீரோ கசிந்தால் வெளிர் நிறத்தில்தான் உடனே கண்ணில் படும். கறுப்பிலும் கருநீலத்திலும் மறைந்துவிடும். வண்ணங்களையெல்லாம் கணுக்காலுக்கு மேலே வைத்துக்கொள்ளலாம்.

குதிகால் வளைத்துப் பின்னுவதற்குப் பயிற்சி வேண்டும். புதியவர்களுக்கும், படுக்கையில் அணிவோர்க்கும் குதிகாலே இல்லாத, குழாய் போன்ற சுருள் காலுறை மிகப் பொருத்தமானது. இரு முனையும் கூரான ஊசிகள் நான்கு வேண்டும். பத்தாம் எண் ஊசி போதும். (நம் கடைகளில் ஊசியின் எண் ஏற ஏற ஊசி மெலியும் என்பதை மறவாதீர்கள்.) ஸ்வெட்டருக்கு வழக்கமாக எடுக்கும் நடுத்தரப் பருமனுள்ள நூலில் 48 கண்ணிகளைத் தளர்த்தியாகப் போட்டு, மூன்று ஊசிகளில் பதினாறு பதினாறாகப் பங்கிட்டு, நான்காம் ஊசியால் வட்டமாகப் பின்னுங்கள். முதல் 6 செ.மீ. வரை இரண்டு ப்ளெயின், இரண்டு பர்ல். மேல் விளிம்புக்கு இலாஸ்டிக் வேண்டாம். இந்தப் பின்னலின் நெகிழ்ச்சியே இறுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

பிறகு மூன்று ப்ளெயின், மூன்று பர்ல் என்று நான்கு சுற்று. ஐந்தாம் சுற்றில் முதல் கண்ணியைப் பர்லாகப் போட்டுவிட்டு மூன்று ப்ளெயின், மூன்று பர்ல் என்று தொடர்ந்தால், இறுதியில் இரண்டு பர்ல் நிற்கும். வரிசை முழுவதும் ஒரு கண்ணி நகர்ந்திருக்கும். இப்படி நான்கு சுற்றுக்கு ஒருமுறை ஒரு கண்ணி நகர்த்திக்கொண்டே செல்ல, பின்னல் முறுக்கிய கயிறு போல் சுழன்று வரும். காலின் எந்த வளைவுக்கும் அது தானே இணங்கிக்கொள்ளும். குதிகாலுக்கென்று ஓர் இடம் இல்லாததால் ஒவ்வொரு முறையும் சற்றுத் திருப்பி அணியலாம். ஒரே இடத்தில் தேய்ந்து ஓட்டை விழாது.

விளிம்பிலிருந்து 36 செ.மீ. ஆனதும் ஒரு சுற்று ப்ளெயின் பின்னிவிட்டு விரல்முனையைக் குறுக்குங்கள். நான்கு பின்னி அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கினால் 40 கண்ணிகள் நிற்கும். மூன்று சுற்று ப்ளெயின். மூன்று பின்னி இரண்டைச் சேர்த்தால் 32. இரண்டு சுற்று ப்ளெயின். இரண்டு பின்னி இரண்டைச் சேர்த்தால் 24. ஒரு சுற்று ப்ளெயின். ஒன்று பின்னி இரண்டைச் சேர்த்தால் 16. மீண்டும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 8. நூலைத் துண்டித்து, தையல் ஊசியில் கோத்து, எட்டுக் கண்ணிகளுக்குள்ளும் செலுத்தி இழுத்து, வெளிப்பக்கமாக முடியுங்கள். உட்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும்.

நூல் மாற்றும் இடத்தில் முடிச்சுப் போடாதீர்கள். பாதத்தின் கீழ் ஒரு முடிச்சு, செருப்புக்குள் சிக்கிய கூழாங்கல்லுக்கு ஒப்பாகும். பழைய நூலையும் புதிய நூலையும் ஐந்தாறு கண்ணிகளுக்கு ஒன்றாகச் சேர்த்துப் பின்னி, நுனிகளைத் தையல் ஊசியால் பின்னலுக்குள் ஒளித்துவிடுங்கள்.

நான் கோடு கோடாகப் பின்னிய முதல் ஜோடியைப் பார்த்து, "சர்க்கஸ் கோமாளிக்கா உம்மா?" என்று கேலி செய்தாள் என் மகள். கோடு போட்ட காலுறை புதிய கோமாளித்தனமன்று. எகிப்தில் அந்தினோப்பொலிஸ் என்னும் பழைய நகரின் குப்பை மேட்டில் கிடைத்த, ஒரு குழந்தையின் இடக்கால் உறை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 300-ஐச் சேர்ந்த கம்பளி உறை; பல வண்ணக் கோடுகள்; வார்ச்செருப்பு அணிவதற்கு வாய்ப்பாகப் பெருவிரல் தனியே பிரிக்கப்பட்டிருக்கிறது. சிவப்பு, நீலம், மஞ்சள் தரும் மூன்றே செடிச் சாயங்களைக் கலந்துதான் அத்தனை நிறங்களையும் உண்டாக்கினார்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வொன்று கண்டது. அது ஒற்றை ஊசியால் முடையப்பட்டது. இன்று நாம் செய்வதைப் போன்ற பின்னலில், நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலால் ஆன பழைய காலுறைகளும் எகிப்திலிருந்தே கிடைத்துள்ளன. அவை அந்நாட்டின் இஸ்லாமிய ஆட்சிக் காலத்தவை. இதைக் கேட்டபின் மகளே எனக்கு ஒரு ஜோடி வேண்டுமென்றாள்.

இனி, நம் வீடுகளில் எழும் ஒரு கேள்வி. தோலாலான குஃப்பின் மீது மஸ்ஹுச் செய்ய ஊரிலிருப்போருக்கு ஓர் இரவு ஒரு பகலும், பயணிகளுக்கு மூன்று இரவு மூன்று பகலும் சலுகை உண்டல்லவா? அதைக் கொண்டு இந்தக் காலுறையின் மீதும் தடவிக்கொள்ளலாமா என்று என் மாமியாரே கேட்டார். நம்மிடையே வழங்கும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின்படி, நீர் உள்ளே இறங்கிவிடும் இத்தகைய பின்னல் உறைக்கு அது பொருந்தாது. கழற்றிக் கழுவத்தான் வேண்டும். ஆகவே கதவருகே ஒரு பருத்தித் துண்டை மாட்டிவைத்தோம். ஒளுச் செய்து வந்ததும் விரலிடுக்குகள் உட்பட ஈரம் போகத் துடைத்து, பாதத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் பிறகே உறையை அணிவிப்போம். ஈரக் காலில் அணிந்தால் குளிரும் தீராது, சேற்றுப்புண்ணும் வரும். ஒரு நாளைக்கு ஐந்து முறை பாதத்தைப் பார்க்க நேர்ந்ததால், பின்னொரு நாள் சுண்டுவிரலடியில் தோன்றிய வெடிப்பு புண்ணாகுமுன்பே எங்கள் கண்ணில் பட்டது.

மொசைக் தரையில் இவ்வுறை வழுக்கும் என்பதால், எழுந்து நடக்கும்போது அவருக்குப் பிடிப்புள்ள செருப்பை அணிவித்தோம். துவைப்பது வாரம் இருமுறை, குளிர்ந்த நீரில், சோப்புத் தூளை மிகக் குறைவாக இட்டு. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் கிடத்தி உலர்த்துவோம். மலையில் மழைமூட்டம் இருந்தால் உலர இரண்டு நாளாகும். எனவே ஒருவருக்கு மூன்று ஜோடியாவது வேண்டும்.

டின்னில் இப்போது எஞ்சியிருப்பது வெள்ளையில் ஒரு சிறு உருண்டையும், கிளிப்பச்சையில் அதைவிடச் சிறியதொன்றும். மகளுக்கு மார்ச் மாதம் பேறுகாலம், இன்ஷா அல்லாஹ். கைக்குழந்தையின் காலுக்கு 30 கண்ணிகள் போதும்.