பெற்றோர் செய்யும் 'ப்ராஜெக்ட்' போதுமா? சிந்தனைத் திறனை வளர்க்கும் செயல்திட்டத்தை வகுப்பது எப்படி?

தெர்மோகோலில் செய்த எரிமலை, கடையில் வாங்கி ஒட்டிய படங்கள், இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்ட பக்கங்கள். பள்ளி 'ப்ராஜெக்ட்' என்றதும் பல பெற்றோரின் நினைவுக்கு வருபவை இவையே. ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் பெரியவர்கள் முடித்துக் கொடுக்கும் இத்தகைய வேலை, மாணவரின் சிந்தனையை வளர்ப்பதில்லை. பணமும் நேரமும் செலவிட இயலாத குடும்பங்களின் பிள்ளைகள் பின்தங்கவும் அது காரணமாகிறது.

ஏன் இப்போது முக்கியம்?

மத்திய அமைச்சரவை 2020 ஜூலை 29 அன்று ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கை, மனப்பாடத்தைக் குறைத்து, பகுத்தாராயும் சிந்தனை, படைப்பாற்றல், குழுவாகச் செயல்படுதல், சிக்கல்களுக்குத் தீர்வு காணுதல் ஆகியவற்றை வளர்க்க வலியுறுத்துகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சிபிஎஸ்இ) 11, 12ஆம் வகுப்புத் தேர்வுகளில் திறன் சார்ந்த வினாக்களின் பங்கு 2024-25 கல்வியாண்டு முதல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்தும் பயிற்சி இல்லாமல் இவற்றை எதிர்கொள்வது கடினம்.

பொருள் அல்ல, கேள்வியே தொடக்கம்

'நீர் பாதுகாப்பு குறித்து ஒரு விளக்கப்படம் தயாரிக்கவும்' என்பது ஒரு பொருளைச் செய்யச் சொல்லும் கட்டளை. 'நமது பள்ளியில் ஒரு நாளில் எவ்வளவு குடிநீர் வீணாகிறது, அதைக் குறைக்க என்ன செய்யலாம்?' என்பது கேள்வி. முதலாவதைக் கடையில் வாங்கிவிடலாம். இரண்டாவதற்கான விடை எந்தக் கடையிலும் இணையதளத்திலும் கிடைக்காது. மாணவர்களே அளந்து கண்டறிய வேண்டும்.

ஏழாம் வகுப்பில் இதனை மூன்று வாரச் செயல்திட்டமாக அமைக்கலாம். முதல் வாரத்தில் மாணவர்கள் தங்கள் ஊகத்தை எழுதி வைத்து, எதை, எப்போது, எவ்வாறு அளப்பது என முடிவு செய்வர். இரண்டாம் வாரத்தில் குழுக்களாகப் பிரிந்து அளவீடுகளைப் பதிவு செய்வர். மூன்றாம் வாரத்தில் முடிவுகளை வரைபடமாக்கி, தலைமை ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் அளிப்பர்.

இதற்கு ஒரு குவளையும் கடிகாரமும் போதும். ஒழுகும் குழாய் ஒன்று 10 நிமிடத்தில் 250 மில்லி லிட்டர் குவளையை நிரப்பினால், மணிக்கு 1.5 லிட்டரும் நாளொன்றுக்கு 36 லிட்டரும் வீணாகும். 'ஜல் ஜீவன்' இயக்கம் கிராமப்புறத்தில் ஒருவருக்கு நாள்தோறும் வழங்க இலக்கு வைத்துள்ள 55 லிட்டரில் இது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இந்த ஒப்பீட்டைத் தாமே கண்டறியும் மாணவருக்கு அந்த எண்ணின் பொருள் புரியும்.

கவனிக்க வேண்டியவை

பாடங்களை முடிக்கவே நேரம் போதவில்லை என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. அளவைகள், பெருக்கல், வரைபடம், கடிதம் எழுதுதல் ஆகியவை ஏற்கெனவே பாடத்திட்டத்தில் உள்ளவை. அந்தப் பாடவேளைகளையே செயல்திட்டத்துக்குப் பயன்படுத்தினால், அது கூடுதல் சுமையாகாது. வேலை முழுவதும் வகுப்பு நேரத்திலேயே நடப்பதால், வீட்டு வசதியைப் பொறுத்து மதிப்பெண் மாறும் நிலையும் தவிர்க்கப்படும்.

குழுவில் ஒருவரே அனைத்தையும் செய்வதைத் தடுக்க, அளப்பவர், பதிவு செய்பவர், சரிபார்ப்பவர் ஆகிய பொறுப்புகளை முறை மாற்றி வழங்க வேண்டும். மதிப்பெண் எவற்றுக்கு என்பதை முதல் நாளிலேயே அறிவிப்பது அவசியம். அழகான அட்டைக்கு அல்லாமல், அளவீட்டின் துல்லியம், காரணம் கூறும் திறன், தவறைத் திருத்திக்கொண்ட விதம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் வழங்கலாம். இறுதியில் ஒவ்வொரு மாணவரிடமும், 'இந்த எண் எப்படிக் கிடைத்தது? உங்கள் முதல் ஊகம் ஏன் மாறியது?' என்று கேட்டால், யார் சிந்தித்தார் என்பது தெளிவாகிவிடும்.

செய்து கற்பது இந்தியாவுக்குப் புதிதன்று. 1937ஆம் ஆண்டு வார்தா கல்வி மாநாட்டில் மகாத்மா காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படையும் அதுவே. செய்யும் வேலை மாணவருடையதாக இருக்க வேண்டும் என்பதே அன்றும் இன்றும் அதற்கான முதல் நிபந்தனை.